இடுப்போட நிக்கற கோட்டு

காலைக் கொஞ்சம் நீட்டிக்கறனுங்க. ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. கட்டு இன்னும் பிரிக்கல, மடக்குனா சுர்ருங்குது. ஊட்டியில ஏறுனப்ப கண்டக்டரு பாவப்பட்டு ரெண்டு பேரு சீட்டை எனக்கு ஒருத்தனுக்கே விட்டாரு. குன்னூர்ல நீங்க ஏறிட்டீங்க. பரவால்ல, உக்காருங்க. மேட்டுப்பாளையம் வரைக்குந்தானுங்களே? நானும் அங்க எறங்கித் திருப்பூரு போகோணும்.

எப்படி அடிபட்டுச்சுன்னுதானே பாக்கறீங்க? எல்லாரும் கேக்கறாங்க. எங்க மாப்பிள்ளை ஆபீஸ்ல ஒருத்தரு, 'ஏனுங்க, மீனு கடிச்சிருச்சாமா?'ன்னு கேட்டாரு. கேலிங்க. கோட்டுனாலதான் வந்துச்சுன்னு எம் மக சொல்லுது. அந்தக் கோட்டு இல்லீன்னா நான் செத்திருப்பேன்னு நான் சொல்றேன். நீங்க பொதுவான ஆளு, கேட்டுட்டு நீங்களே ஒரு ஞாயம் சொல்லுங்க.

எம் பேரு நாச்சிமுத்துங்க. திருப்பூர்ல முப்பத்திரண்டு வருசம் கட்டிங் மாஸ்டர். பனியன் இல்லீங்க, பனியன யாரு வேணும்னாலும் வெட்டலாம். நாங்க வெட்டுனது மழைக்கோட்டு. வெளிநாட்டுக்குப் போற மழைக்கோட்டு. ஊசி எறங்குன ஒவ்வொரு ஓட்டையும் தண்ணிக்கு ஒரு வாசலுங்க. அதுக்குத்தான் உள்பக்கமாச் சூடு வெச்சு டேப் ஒட்டறது. ஒரு கோட்டைக் கையில குடுத்தீங்கன்னா, உள்பக்கத்தைத் திருப்பிப் பாத்துட்டு எந்த எடத்துல ஒழுகும்னு சொல்லிருவேன். இப்பவும் சொல்வேன்.

எங்க வீட்டம்மா தவறிப்போயி மூணு வருசமாச்சுங்க. காரியம் முடிஞ்ச அன்னைக்கே எம் மக தாரணி சொல்லிருச்சு, 'அப்பா, நீங்க தனியா இருக்க வேண்டாம், ரெண்டு மாசம் எங்ககூட வந்து இருங்க'ன்னு. ஒரே மக. மாப்பிள்ளை நவநீதன் மின்வாரியத்துல எஞ்சினியருங்க. ஊட்டிக்கு அக்கட்டால ஒரு டேம் பக்கத்துல குவார்ட்டர்ஸ். ஒரு ஹாலு, ஒரு ரூமு, ஒரு சமையக்கட்டு. அவ்வளவுதான் வீடு. போனவன் அங்கயே இருந்துட்டேன்.

சொகமா இருந்தேன்னு நெனைக்காதீங்க. வெளிய வந்தா மழை, மழை இல்லீன்னா பனி. சன்னல்ல நின்னு பாத்தா எதுத்தாப்புல இருக்கற மரங்கூடத் தெரியாது. பேசறதுக்கு ஆளில்ல. மாப்பிள்ளை காலையில போயிருவாரு, எம் மக பள்ளிக்கூடத்துல டீச்சரு, அதும் போயிரும். கூடையில கவுத்துன கோழியாட்டம் நான் ஒருத்தன். அதனால அவங்க வந்ததுல இருந்து நான் நகரவே மாட்டனுங்க. கூடவே இருப்பேன். சாப்பிடறப்ப, டிவி பாக்கறப்ப. ராத்திரி ஹால்ல படுக்கை. ரூமுக் கதவைச் சாத்த வேண்டாம்னு நாந்தான் சொல்லிட்டேன். சாத்துனா ஹீட்டரு சூடு ஹாலுக்கு வராதுங்க. அதுக ஒண்ணும் சொல்லல. நல்ல புள்ளைக. கல்யாணமாகி நாலு வருசமாச்சு, இன்னும் ஒரு புழு பூச்சி இல்ல, அந்த ஒரு கொறைதான். நானும் வேண்டாத கோயிலில்ல.

மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு பழக்கமுங்க. சனிக்கெழமை ஆனா மீன் பிடிக்கப் போயிருவாரு. வெள்ளைக்காரங்க அந்தக் காலத்துல கொண்டாந்து விட்ட ட்ரவுட்டு மீனு அந்த ஓடைகள்ல இருக்குது. மீன்துறையில சீட்டு வாங்கிட்டு, நெஞ்சு வரைக்கும் ரப்பர் கால்சட்டை ஒண்ணை மாட்டிட்டு, ஐஸாட்டம் இருக்கற தண்ணியில எறங்கி நிப்பாரு. காலையில போனா சாயங்காலந்தான். மேலுக்கு ஒரு பழைய கோட்டு, ஒழுகற கோட்டு. நனைஞ்சுட்டு வருவாரு.

போன வருசம் ஒரு நாளு எம் மக மெதுவாச் சொல்லுச்சு. 'அப்பா, அவருக்குப் பொறந்தநாள் வருது. தண்ணியில நின்னு மீன் புடிக்கறதுக்குன்னே கோட்டு இருக்குதாம். வாங்கிக் குடுக்கலாம்னு இருக்கறேன். நீங்க கூட வந்து தையலை மட்டும் பாத்துச் சொல்றீங்களா?'

எனக்கு எப்படி இருந்துச்சுங்கறீங்க! ரெண்டு வருசமா அந்த வீட்டுல என்னை ஒருத்தரும் ஒண்ணும் கேட்டதில்லீங்க. உப்பு போதுமான்னு கேப்பாங்க, அவ்வளவுதான்.

ஊட்டியில மலையேறுறவங்களுக்குச் சாமான் விக்கற கடைக்குப் போனோம். கடைக்காரரு சாம்பலும் பச்சையுமா ஒரு கோட்டை எடுத்துப் போட்டாரு. பாத்தா இடுப்போட நிக்குது. 'ஏனுங்க, பாதித் துணியக் காணோம்?'னேன். அவரு சொல்றாரு, 'ஐயா, இது தண்ணிக்குள்ள எறங்கி நிக்கறவங்களுக்கு. கீழ ரப்பர் கால்சட்டை இருக்குது. கோட்டு நீளமா இருந்தா ஓட்டத்துல மாட்டி ஆளையே இழுக்கும். அதனால குட்டை. தூண்டிலைத் தூக்கறப்ப கை வழியாத் தண்ணி எறங்கக் கூடாது, அதுக்கு மணிக்கட்டுல இறுக்கம். துணி உள்ள இருக்கற வேர்வையை ஆவியா வெளிய விடும், வெளியில இருந்து சொட்டு வராது.'

'வேர்வை போற வழியில தண்ணி வராதா?'ன்னு கேட்டேன்.

'வராதுங்கய்யா.'

'நான் முப்பத்திரண்டு வருசமா இந்தத் தொழில்ல இருக்கறனுங்க'ன்னேன்.

எம் மக அந்தக் கோட்டைத் தடவிப் பாத்துட்டே நின்னுச்சு. 'அவரு இதேதாம்ப்பா போன்ல காட்டினாரு.' நான் சொன்னேன், 'அம்மிணி, இது அரைக்கோட்டு. வேற பாக்கலாம்.' திருப்பி வெச்சிருச்சுங்க. எம் பேச்சைத் தட்டாது.

அதுக்கப்பறம் குன்னூரு, மேட்டுப்பாளையம், கோயமுத்தூருன்னு ஏழு கடை ஏறி எறங்கியிருப்பேன். ஒரு கடையில தொப்பிக்குள்ள டேப் இல்ல. ஒரு கடையில ஜிப்புக்கு மூடி இல்ல. இன்னொரு கடையில கோட்டுக்குள்ள ஒரு சொம்புத் தண்ணிய ஊத்திப் பாத்தேன், அந்தப் பையன் மேனேஜரைக் கூட்டிட்டு வந்துட்டான். அதுக்குள்ள பொறந்தநாளும் போயிருச்சு. கடைசியில நானே ஒரு முடிவுக்கு வந்தேன். திருப்பூரு போயி, எங்க பழைய கம்பெனியில ஒரு மேசையக் கேட்டு வாங்கி, நானே வெட்டி நானே தெச்சனுங்க. மூணு மாசம்.

அது கோட்டுங்க! ரெண்டு பூச்சு ரப்பர் துணி. முழங்கால் வரைக்கும் நீளம். ஜிப்பு, ஜிப்பு மேல ஒரு பட்டை, பட்டைக்கு எட்டுப் பட்டன். கையில டபுள் எலாஸ்டிக். கழுத்துல இழுத்துக் கட்டற கயிறு. கலரு ஆரஞ்சு, எந்தப் பனியிலயும் ஆளைத் தெரியோணுமில்ல? காத்துகூட உள்ள போகாது. மாப்பிள்ளை போட்டுப் பாத்தாரு. நெத்தியெல்லாம் வேர்த்துப் போச்சு. 'எப்படி மாப்ளே?'ன்னேன். 'ரொம்ப நல்லாருக்குங்க மாமா'ன்னாரு. தாரணி சமையக்கட்டுக்குள்ள போயிருச்சு.

அப்பறம் சனிக்கெழமைதோறும் அதைப் போட்டுட்டுத்தான் வீட்டுல இருந்து கெளம்புவாரு. நான் வாசல்ல நின்னு பாப்பேன். ஆரஞ்சா அந்த வளைவு வரைக்கும் தெரியும். சாயங்காலம் வந்தா வாங்கி நானே கொடியில போடுவேன். ஒரு மாசம் கழிச்சுத்தானுங்க ஒண்ணு கவனிச்சேன். கோட்டுல ஈரமே இல்ல. மழை அன்னைக்கும் இல்ல. ஒரு சேறு இல்ல, ஒரு மீன்வாடை இல்ல. பெட்டியில இருந்து எடுத்த புதுக்கோட்டாட்டம்.

அவரு குளிக்கறப்போ காரு டிக்கியத் தொறந்தனுங்க. உள்ள இருக்குது, அந்தச் சாம்பப் பச்சை அரைக்கோட்டு. சொட்டச் சொட்ட ஈரம். பையில ஒரு சீட்டு, எம் மக கையெழுத்து. 'இனிய பிறந்தநாள்'. அப்பவே வாங்கியிருக்குது. நான் ஏழு கடை ஏறி எறங்கிட்டு இருந்தப்பவே.

நான் ஒண்ணும் கேக்கலீங்க. சண்டை போடற ஆளில்ல நான். அடுத்த சனிக்கெழமை அவரு கெளம்பறப்ப, 'மாப்ளே, நானும் வர்றேன்'னேன்.

அவரு எம் மகளைப் பாத்தாரு. எம் மக சொல்லுச்சு, 'அப்பா, வேண்டாம்ப்பா. அவருக்கு வாரத்துல அந்த ஒரு நாள்தான்.'

'அதாங்கண்ணு. அந்த ஒரு நாளும் தனியாப் போறாரு. பேச்சுத்தொணைக்கு ஒரு ஆளு வேண்டாமா?'

போற வழியெல்லாம் நான்தான் பேசிட்டே போனேன். அவரு ஓட்டிட்டே வந்தாரு. ஓடைகிட்ட எறங்குனதும் டிக்கியத் தொறந்தேன். அவரு வண்டி ஓட்டறதுக்காகக் கழட்டிப் போட்ட எங் கோட்டும் அந்த அரைக்கோட்டும் பக்கத்துல பக்கத்துல கெடக்குது. அவரு மூஞ்சி செவந்துபோச்சு. 'மாமா...'ன்னாரு. 'ஒண்ணும் சொல்ல வேண்டாம் மாப்ளே. உங்களுக்கு எது புடிக்குதோ அதைப் போடுங்க. இதை நான் போட்டுக்கறேன். தண்ணியில எறங்கிக் காட்டறேன், ஒரு சொட்டு உள்ள வந்தா எம் பேரை மாத்திக்கறேன்'னேன்.

கரையிலயே உக்காரச் சொன்னாருங்க. ரெண்டு தடவை சொன்னாரு. நான் கோட்டை மாட்டி, பட்டனெல்லாம் போட்டு, கழுத்துக் கயித்தைக் கட்டி, முழங்கால் பூட்ஸ் போட்டுட்டு எறங்கிட்டேன். முழங்கால் தண்ணிதான். இன்னும் நாலு எட்டு வெச்சேன். தொடைக்கு வந்துச்சு. கோட்டோட கீழ்ப்பக்கம் தண்ணியில விரிஞ்சுதுங்க, பந்தல் துணி காத்துல விரியற மாதிரி. விரிஞ்சு இழுத்துச்சு. ஒரு பாறையில கால வெச்சேன், பாசி. வழுக்கி ரெண்டு பாறைக்கு நடுவுல எறங்கிருச்சு கால். எடுக்கப் பாக்கறேன், வரமாட்டேங்குது. திருப்பறேன், உள்ள ஏதோ ஒடிஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு.

'மாப்ளே!'ன்னேன்.

அவரு தூண்டிலைப் போட்டுட்டு ஓடியாந்தாரு. தண்ணியில ஓட முடியுமுங்களா, ஆனாலும் ஓடியாந்தாரு. எனக்கு மேல்பக்கம் நின்னு, ஓட்டத்தை முதுகுல வாங்கிட்டு, ரெண்டு கையாலயும் என்னைப் புடிச்சுட்டாரு. அங்க போன் எடுக்காது. சுத்துவட்டாரத்துல ஒரு ஆளில்ல. மேல மலையில கருகருன்னு மேகம். கோட்டுக்குள்ள தண்ணி ரொம்புது. கீழ வழியா வந்தது வெளிய போகமாட்டேங்குது, அப்படி அடைச்சுத் தெச்சிருக்கறேன். எடை ஏறிட்டே போகுது. கழுத்துக் கயிறு தொண்டைய இறுக்குது.

'கழட்டுங்க மாமா.'

பட்டனை எடுத்தாச்சு. ஜிப்பு எறங்கல. பட்டைத் துணி பல்லுல மாட்டிருச்சு. இழுக்கறேன், இழுக்கறாரு. வரல. தூண்டில் நரம்பு அறுக்கற சின்னக் கத்திய எடுத்தாரு. நான் அந்தக் கையைப் புடிச்சுட்டனுங்க.

'வேண்டாம் மாப்ளே. மூணு மாச வேலை. இப்ப எறங்கிரும், கொஞ்சம் சோப்பு இருந்தா...'

'சோப்பா?'ன்னாரு.

'நல்ல துணிங்க மாப்ளே, இப்ப இது எங்கயும் கெடைக்கறதில்ல...'

'வாயை மூடுங்க மாமா!'

நாலு வருசத்துல அவரு சத்தம் போட்டு நான் கேட்டதில்லீங்க. மலையில அடிச்சுத் திரும்பி வந்துச்சு அந்தச் சத்தம். 'தண்ணி ஏறுது, தெரியலையா? உங்களை இங்க விட்டுட்டு அவகிட்ட நான் போயி என்ன சொல்றது?' கழுத்துல இருந்து கீழ வரைக்கும் ஒரே கிழி. ஆரஞ்சாச் சுருண்டு ஓட்டத்தோட போயிருச்சு. நான் அதையே பாத்துட்டு நின்னேன்.

கோட்டு போச்சு, கால் வரல. அவரு தலையைத் தண்ணிக்குள்ள முக்கி, கத்தியால பூட்ஸை அறுக்கறாரு. அதும் நான் தேடி வாங்குன பூட்ஸுங்க, கெட்டி ரப்பரு. கொஞ்சம் அறுப்பாரு, மேல வந்து மூச்சு வாங்குவாரு, மறுபடி போவாரு. ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கும். தொடையில இருந்த தண்ணி இடுப்புக்கு வந்துச்சு. எனக்குப் பல்லு தந்தியடிக்குது. தலையை முக்கறதுக்கு முன்னாடியே அந்த அரைக்கோட்டைக் கழட்டி எம் மேல மாட்டிவிட்டிருந்தாரு. பொய் சொல்லக் கூடாதுங்க. உள்ள ஒரு சொட்டு ஈரமில்ல. அவரு ஒடம்புச் சூடு அப்படியே இருந்துச்சு. டேப்பு நேரா ஒட்டியிருந்துச்சு.

மூச்சு வாங்க நின்னப்ப ஒரு தடவை கேட்டாரு. 'மாமா, மூணு வருசமா நான் இங்க வர்றேன். எத்தனை மீன் வீட்டுக்குக் கொண்டாந்திருக்கேன்?'

'ரெண்டு'ன்னேன்.

'ஏன்னு யோசிச்சிருக்கீங்களா?'

'தூண்டில் சரியில்லீங்களா மாப்ளே?'

அவரு சிரிச்சாரா அழுதாரான்னு தெரியலீங்க, மூஞ்சியெல்லாம் தண்ணி. 'பாதி நாளு தூண்டில்ல நான் முள்ளே கட்டறதில்ல. சும்மா வந்து நிக்கறேன். வீட்டுல எனக்கு நிக்க எடமில்ல மாமா. நானும் அவளும் ஒரு வேளை சோறு தனியா உக்காந்து தின்னு மூணு வருசமாச்சு. அவ குளிக்கறப்ப பைப்பைத் தொறந்து விட்டுட்டு அழறா. உங்களுக்குக் கேட்டா மனசு கஷ்டப்படுமேன்னு, பைப்பைத் தொறந்துட்டு அழறா.'

குளிருங்க. குளிர்ல மனுசன் என்னென்னமோ உளறுவான். அம்மா ஞாபகம் வந்து அழுதிருக்கும் புள்ள. ஆனா அவரு முழங்காலு எம் மேல இடிச்சு இடிச்சு நடுங்குனது இருக்குதுங்களே, அது இன்னும் எனக்குப் போகல. நான் சொன்னேன், 'மாப்ளே, நீங்க போங்க. கரைக்குப் போங்க. என்னை விட்டுருங்க.' உண்மையாத்தான் சொன்னனுங்க. அவரு மறுபடியும் தலையை முக்கிட்டாரு.

அந்தத் தடவை பூட்ஸு பொளந்துச்சு. கால் வந்துருச்சு. என்னை முதுகுல போட்டுட்டுக் கரை ஏறுனாரு.

ஆஸ்பத்திரிக்கு எம் மக ஓடி வந்துச்சு. கணுக்கால் ஒடைஞ்சது எனக்குங்க. ஸ்ட்ரெச்சர்ல கெடக்கறது நானு. அது நேரா அவருகிட்டத்தான் போச்சு. அவரு மூஞ்சிய ரெண்டு கையிலயும் புடிச்சுட்டு அப்படியே நின்னுச்சு. ரொம்ப நேரம். அப்பறந்தான் எம் பக்கம் திரும்பி, 'வலிக்குதாப்பா?'ன்னு கேட்டுச்சு. வலிக்கலைன்னேன்.

வீட்டுக்கு வந்து மூணு வாரம் படுத்திருந்தேன். குறை சொல்லக் கூடாது, ரெண்டு பேரும் அப்படிப் பாத்துக்கிட்டாங்க. ஆனா பேச்சு கொறைஞ்சு போச்சு. அவரு மீன் பிடிக்கவும் போகல. சனிக்கெழமையானா சன்னல்ல நிப்பாரு. நான் படுத்த எடத்துல இருந்து அவரு முதுகைப் பாத்துட்டு இருப்பேன். நான் நின்னு நின்னு பாத்த அதே சன்னலுங்க அது.

போன ஞாயித்துக்கெழமை எம் மக பக்கத்துல வந்து உக்காந்துச்சு. 'அப்பா, கீழ வெய்யில்ல இருந்தா எலும்பு சீக்கிரம் கூடும். ரெண்டு வாரம் திருப்பூர்ல இருந்துட்டு வாங்க.' சரிங்கண்ணுன்னேன். அப்பறம் பாத்தா, எங்க வீட்டுக்கு வெள்ளையடிச்சாச்சாம். குளிக்கற எடத்துல புடிச்சுக்கக் கம்பி வெச்சாச்சாம். சமைக்க ஒரு அம்மா, தெனமும் வருவாங்களாம். நெனச்சுப் பாருங்க, ரெண்டு வாரத்துக்கு இத்தனை ஏற்பாடு! அப்படிப் பாசமுங்க. மேல இருக்குதே அந்தப் பெட்டி, அதுல என் துணி பூராவும் மடிச்சு வெச்சிருக்குது. ஸ்வெட்டருகூட. திருப்பூரு வெய்யில்ல ஸ்வெட்டரு எதுக்குங்க? எங்க வீட்டம்மா படத்தையும் ஒரு சீலையில சுத்தி வெச்சிருந்துச்சு. 'படம் எதுக்குக் கண்ணு, ரெண்டு வாரந்தானே?'ன்னேன். 'தனியா இருப்பீங்களேப்பா'ன்னு சொல்லிட்டு வேற பக்கம் திரும்பிக்கிச்சு.

மாப்பிள்ளைதான் பஸ்ஸுல ஏத்தி உக்கார வெச்சாரு. 'மாமா, அன்னைக்கு நான் பேசுனது...'ன்னு ஆரம்பிச்சாரு. 'எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்ல மாப்ளே'ன்னுட்டேன். அவரு எங் கையைப் புடிச்சாரு. விட்டாரு. பஸ் நகர்ற வரைக்கும் நின்னுட்டு இருந்தாரு.

நீங்க ஏறறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, அருவங்காடு தாண்டறப்ப எம் மக போன் பண்ணுச்சு. எங்கப்பா இருக்கீங்க, காலை நீட்டிட்டீங்களா, பசிச்சா அந்தப் பையில இட்லி இருக்குதுன்னு. பேசி முடிச்சுட்டுப் போனை வெக்க மறந்துருச்சு போல. நான் காதுலயே வெச்சிருந்தேன். மொதல்ல தட்டுச் சத்தம். அப்பறம் அவரு என்னமோ சொன்னாரு, சரியாக் கேக்கல. எம் மக சிரிச்சுது. சும்மா இல்லீங்க, மூச்சு முட்டற மாதிரிச் சிரிப்பு. 'போதும், போதும், நிறுத்துங்க'ன்னுது, மறுபடியும் சிரிக்குது. சின்னப் புள்ளையில அப்படிச் சிரிக்கும். இத்தனை வருசத்துல அந்த வீட்டுல அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லீங்க.

ரெண்டு மூணு வளைவு வரைக்கும் கேட்டுட்டே வந்தேன். பொறவு நானே கட் பண்ணிட்டேன்.